மலை தோற்கடிக்கவில்லை: ஆப்கானிஸ்தானும் 'வீரப் பரம்பரை' கதையும்

2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் காபூலுக்குள் நுழைந்தபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விஷயங்கள் அதிகம் சுற்றின. ஒன்று, ஓடுபாதையில் விமானத்தோடு சேர்ந்து ஓடிய மக்களின் காணொளி. இன்னொன்று, 'பேரரசுகளின் கல்லறை' என்ற வாசகம். பிரிட்டிஷ்காரன் ஓடினான், ரஷ்யாக்காரன் ஓடினான், இப்போது அமெரிக்காக்காரனும் ஓடுகிறான், மலையில் பிறந்தவனை எவனாலும் அடக்க முடியாது என்று ஆவேசமாக எழுதியிருந்தார்கள். நாமும் பகிர்ந்தோம். ஏகாதிபத்தியம் தோற்றால் நமக்கென்ன வருத்தம்?

சில நாட்கள் கழித்து மாலை வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "அவங்க பரம்பரையாவே வீரம் உள்ளவங்கன்னா, நாம தோத்துப்போன பரம்பரையா தோழர்?"

அன்று எங்களிடம் சரியான பதில் இல்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அந்தக் கேள்வியைப் பிறகு விடாமல் துரத்திப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் மலையைப் பற்றி. அது சும்மா சொல்லும் கதை அல்ல. இந்துகுஷ் மலைத்தொடர் ஆப்கானிஸ்தானை வடக்கு, தெற்கு என்று குறுக்கே அறுத்துப் போடுகிறது. வடக்கிலிருந்து காபூலுக்கு வரும் முக்கியமான பாதை சாலங் கணவாய். அங்கே சோவியத் உதவியோடு 1964இல் ஒரு சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. சுமார் 2.7 கிலோமீட்டர் நீளம், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1979 டிசம்பரில் சோவியத் படை உள்ளே வந்தபோது, அதன் டாங்கிகளுக்கான எரிபொருள், சோறு, குண்டு எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றைக் குகைதான் தொண்டை. தொண்டையை நெரிக்க எவ்வளவு பலம் வேண்டும்? அதற்குப் பக்கத்தில்தான் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கு இருக்கிறது. அகமது ஷா மசூதின் ஆட்கள் அங்கிருந்து இறங்கி வந்து லாரி வரிசையை அடித்துவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். 1980 முதல் 1985 வரை சோவியத் படை ஒன்பது முறை பஞ்ச்ஷீருக்குள் பெரும் தாக்குதல் நடத்தியது. ஒவ்வொரு முறையும் பள்ளத்தாக்கின் தரை அவர்கள் கைக்கு வந்தது. போராளிகள் பக்கவாட்டுக் கிளைப் பள்ளத்தாக்குகளுக்குள் ஒதுங்கினார்கள். படை திரும்பியதும் இறங்கி வந்தார்கள்.

இன்னும் தெளிவான உதாரணம் 'மகிஸ்ட்ரால்' நடவடிக்கை. கார்தேஸிலிருந்து கோஸ்த் நகருக்குப் போகும் மலைச்சாலையைப் போராளிகள் அடைத்து வைத்திருந்தார்கள். 1987 நவம்பரில் தொடங்கி, ஆயிரக்கணக்கான துருப்புகளை இறக்கி, அந்தச் சாலையைச் சோவியத் படை திறந்தது. முற்றுகையில் கிடந்த கோஸ்துக்கு லாரி லாரியாகத் தானியமும் எரிபொருளும் போய்ச் சேர்ந்தன. படை திரும்பியது. கொஞ்ச நாளில் சாலை மறுபடி அடைபட்டது. இதை ராணுவத் தோல்வி என்று சொல்ல முடியாது. போரில் அவர்கள் ஜெயித்தார்கள். ஜெயித்த இடத்தில் நிற்பதற்கான செலவைத் தினமும் கட்ட முடியவில்லை.

சமவெளியில் ஒரு நகரத்தையும் நான்கு சாலைகளையும் பிடித்தால் சுற்றியுள்ள ஊர்கள் தானாக வழிக்கு வரும். சந்தை, நீதிமன்றம், பேருந்து, தாலுகா அலுவலகம் எல்லாம் அந்த நகரத்தில்தான் இருக்கும். மலையில் அப்படி இல்லை. ஒரு பள்ளத்தாக்கில் ஜெயித்தது அடுத்த பள்ளத்தாக்குக்குத் தெரியவே தெரியாது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து ஹெலிகாப்டரின் தூக்கும் சக்தி குறையும். கோடை வெயிலில் இன்னும் குறையும். கவசம், தண்ணீர், ரேடியோ, தோட்டா என்று முப்பது கிலோவுக்கு மேல் சுமந்து ஒரு வெளிநாட்டுச் சிப்பாய் மூச்சிரைக்க ஏறும்போது, எதிரே இருப்பவன் ஒரு துப்பாக்கியும் கொஞ்சம் ரொட்டியுமாக அவனுடைய ஆட்டுப் பாதையில் போய்க்கொண்டிருப்பான். அவனுக்கு அது வீட்டுக்குப் பின்பக்கம்.

ஆனால் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது இதெல்லாம் இல்லை, ஒரு பசு மாடு.

கூனார் மாகாணத்தில் கொரெங்கால் என்றொரு பள்ளத்தாக்கு. நீளம் சுமார் 10 கிலோமீட்டர். அமெரிக்கப் படை அங்கே முகாம் போட்டு, நாற்பதுக்கும் மேற்பட்ட சிப்பாய்களைப் பலி கொடுத்து, 2010 ஏப்ரலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறியது. அந்த மக்கள் பேசுவது பாஷாயி வகையைச் சேர்ந்த தனி மொழி. நாட்டின் பெரிய மொழிகளான பஷ்தோவும் தாரியும் அவர்களுடைய தாய்மொழி அல்ல. தேவதாரு மரம் வெட்டி விற்பது அவர்களுடைய முக்கியமான பிழைப்பு. அமெரிக்க முகாம் அமைந்த இடம் ஒரு பழைய மர அறுவை ஆலை. வந்த முதல் நாளே ஒருவருடைய பிழைப்பின் மேல் கூடாரம் அடித்து உட்கார்ந்தாயிற்று.

அங்கே எடுக்கப்பட்ட 'ரெஸ்ட்ரெப்போ' என்ற ஆவணப்படம் 2010இல் வெளிவந்தது. அதில் ஒரு காட்சி. ஊர்க்காரர் ஒருவரின் பசு, முகாமின் முள்கம்பியில் சிக்கிக்கொள்கிறது. சிப்பாய்கள் அதைக் கொன்று தின்றுவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து நஷ்டஈடாகப் பணம் கேட்கிறார்கள். சில நூறு டாலர். பணமாகத் தர முடியாது, பசுவின் எடைக்கு எடை அரிசியும் பருப்பும் சர்க்கரையும் தருகிறோம் என்று பதில் வருகிறது. பெரியவர்கள் திரும்பிப் போகிறார்கள்.

நாம் கிராமங்களில் வேலை செய்கிறவர்கள். ஒரு கறவை மாடு ஒரு குடும்பத்துக்கு என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அது பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, கடன்காரனுக்குக் காட்டும் ஈடு. அதை எடைபோட்டு அரிசியாகத் தருகிறேன் என்பவன் எத்தனை ஹெலிகாப்டர் வைத்திருந்தாலும் அந்த ஊரில் ஒரு தகவல்கூட வாங்க முடியாது. எந்த வீட்டில் யார் தங்கினார்கள், எந்தப் பாறைக்குப் பின்னால் ஆள் இருக்கிறான் என்பதையெல்லாம் மக்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் ஏன் சொல்ல வேண்டும்? சிப்பாய்க்கு ஓராண்டோ சற்று அதிகமோ பணி. பிறகு ஊருக்குப் போய்விடுவான். சொன்னவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். இரவில் கதவைத் தட்டுபவனுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மக்களிடம் உறவு இல்லாதபோது அந்நியப் படைகள் எல்லாம் செய்யும் ஒரு வேலை உண்டு. பணத்தால் வழியை வாங்குவது. காபூலுக்கும் ஜலாலாபாத்துக்கும் இடையிலான கணவாய்கள் கில்ஜாய் தலைவர்களின் கையில் இருந்தன. 1839இல் ஆங்கிலேயர் ஷா ஷூஜாவைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தபோது, வழியை அடைக்காமல் இருக்க அந்தத் தலைவர்களுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்தார்கள். 1841இல் சிக்கனம் என்று சொல்லி அந்தப் பணத்தைப் பாதியாக வெட்டினார் மக்நாட்டன். உடனே கணவாய்கள் மூடிக்கொண்டன. நவம்பரில் காபூலில் கலகம், டிசம்பரில் மக்நாட்டனே கொல்லப்பட்டார்.

இதை அப்படியே வைத்துக்கொண்டு 2010க்கு வாருங்கள். அமெரிக்க முகாம்களுக்குச் சரக்கு கொண்டுபோக 216 கோடி டாலர் மதிப்பில் லாரி ஒப்பந்தம் போடப்பட்டிருந்தது. அந்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்து அறிக்கை வெளியிட்டது. லாரிகள் பத்திரமாகப் போக ஒப்பந்தக்காரர்கள் உள்ளூர் ஆயுதத் தலைவர்களுக்கு மாமூல் கட்டுகிறார்கள், அதில் ஒரு பங்கு தாலிபான்களுக்கே போயிருக்கக்கூடும் என்றது அறிக்கை. எதிரியோடு சண்டை போடப் போகும் தோட்டாவுக்கு எதிரியிடமே சுங்கம் கட்டிப் போவது! நூற்று எழுபது ஆண்டுகளில் குதிரை லாரியானது. மற்றபடி ஏற்பாடு அதேதான். இதில் கவனிக்க வேண்டியது, பணம் சாதாரணக் குடியானவனுக்குப் போகவில்லை. ஏற்கனவே துப்பாக்கி வைத்திருந்த பெரிய மனிதர்களுக்குப் போனது. அந்நியப் படை வந்ததும் ஊரிலுள்ள மேல்தட்டு ஆண்கள் இன்னும் பணக்காரர்கள் ஆனார்கள், கீழே இருந்தவர்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள்.

சரி, மலை இவ்வளவு கடினம் என்றால் மலையில் இருப்பவர்களை யாராலும் அடக்க முடியாதா? இங்கேதான் 'பேரரசுகளின் கல்லறை' கதை பொய்யாகிறது.

திபெத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் மிக உயரமான பீடபூமி. 1950இல் சீனப் படை நுழைந்தது. 1959இல் எழுச்சி நடந்தது, ஒடுக்கப்பட்டது. நேபாளத்தின் முஸ்தாங்கிலிருந்து அமெரிக்க உளவுத்துறையின் ஆதரவோடு நடந்த கெரில்லாப் போர் 1974இல் முடிந்துபோனது. 2006இல் லாசாவுக்கு ரயிலே வந்துவிட்டது. அங்கே மலை யாரையும் காப்பாற்றவில்லை. சீனா திரும்பிப் போகும் எண்ணத்தோடு வரவில்லை. சாலை போட்டது, ஆட்களைக் குடியேற்றியது, செலவுக்குக் கணக்குக் கேட்க உள்நாட்டில் யாரையும் அனுமதிக்கவில்லை.

ஆப்கானிஸ்தானுக்குள்ளேயே பார்ப்போம். இரண்டாம் ஆப்கன் போரில் (1878-80) அடிபட்ட ஆங்கிலேயர், இனி நாட்டைப் பிடித்து வைக்க வேண்டாம், பிடித்து வைக்க ஒருவருக்குப் பணம் தருவோம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்துர் ரஹ்மான் கான் அமீர் ஆனார். 1883 முதல் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய், 1893இல் அது 18 லட்சம். ரூபாய் என்பதைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் கருவூலப் பணம், நிலவரியும் உப்பு வரியும் சேர்ந்த பணம். தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் நிலமற்ற கூலிகள் கொத்துக்கொத்தாகச் செத்த அந்த ஆண்டுகளின் வைஸ்ராய் லிட்டன்தான் இந்தப் போரையும் தொடங்கியவர். பஞ்ச நிதிக்கென்று வசூலித்த வரி போருக்குத் திருப்பப்பட்டது என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

அந்த ரூபாயையும் துப்பாக்கியையும் வைத்துக்கொண்டு அப்துர் ரஹ்மான் என்ன செய்தார்? 1891-93இல் நடு ஆப்கானிஸ்தானின் மலைகளில் வாழ்ந்த ஹசாராக்களை நசுக்கினார். ஷியா என்பதற்காக அவர்களைக் காஃபிர் என்று அறிவிக்க வைத்தார். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் காபூல் சந்தையில் அடிமைகளாக விற்கப்பட்டார்கள், மேய்ச்சல் நிலங்கள் பஷ்தூன் நாடோடிகளுக்கு எழுதித் தரப்பட்டன. 1895-96இல் கிழக்கு மலைகளில் இருந்த காஃபிரிஸ்தான் வீழ்ந்தது. மதம் மாற்றப்பட்டு நூரிஸ்தான் என்று பெயரும் மாற்றப்பட்டது. இவர்களும் மலைக்காரர்கள்தானே? அதே இந்துகுஷ், அதே பனி, அதே கணவாய். ஒரு நூற்றாண்டு கழித்து, சோவியத் படை ஒன்பது முறை முட்டிய பஞ்ச்ஷீருக்குள் 2021 செப்டம்பரில் தாலிபான்கள் சில நாட்களில் புகுந்தார்கள். பாறைகள் இடம் மாறவில்லை. வெளியிலிருந்து ஆயுதமும் சோறும் வரும் வழி அடைபட்டிருந்தது, வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பப் போகிறவர்களாகவும் இல்லை.

ஆகவே நம் வாதம் இவ்வளவுதான். மலை யாரையும் தோற்கடிப்பதில்லை. மலை விலையை ஏற்றுகிறது. திரும்பிப் போக ஓர் ஊர் இருப்பவன் ஒரு நாள் அந்த விலையைக் கட்ட மறுப்பான். அதனால்தான் அந்நியப் படைகள் தடுமாறுகின்றன. இதில் ரத்தம், பரம்பரை, பிறவி வீரம் எதுவும் கிடையாது.

பரம்பரை வீரம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். அந்த மாணவியின் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

1880 ஆகஸ்டில் காபூலிலிருந்து காந்தஹாருக்கு சுமார் 10,000 துருப்புகளோடு விரைந்து போய் ஆங்கிலேயரின் மானத்தைக் காப்பாற்றியவர் என்று புகழ்பெற்றவர் ஜெனரல் ராபர்ட்ஸ். அடுத்த ஆண்டே சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக வந்தார். 1885இல் இந்தியா முழுவதற்கும் தளபதியானார். 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்ற கொள்கையை ராணுவத்தின் ஆள்சேர்ப்பு முறையாகவே ஆக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. குளிர்ந்த மலைநாட்டில் பிறந்தவன் வீரன், வெயிலில் காய்ந்த தெற்கத்திக்காரன் கோழை என்பதுதான் சாரம். சீக்கியர், கூர்க்கா, பத்தான் உள்ளே. தமிழர், தெலுங்கர் படிப்படியாக வெளியே. மகர்களுக்கும் 1890களின் தொடக்கத்தில் படையின் கதவு மூடப்பட்டது. மோவ் ராணுவ முகாமில் 1891இல் பிறந்த அண்ணல் அம்பேத்கரின் தந்தை சுபேதார் ராம்ஜி சக்பால் பணியாற்றியது அந்தப் படையில்தான். பிளாசியில் துசாத்துகள், கோரேகானில் மகர்கள் என்று கம்பெனிக்காகப் போரிட்டவர்கள் தீண்டப்படாதோர் என்று அம்பேத்கர் பின்னாளில் எழுதினார். அவர்களைத்தான் வீரமில்லாத இனம் என்று ஒரு கோப்பில் எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். பறையர்கள் பெருமளவில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் இரண்டாம் ஆப்கன் போருக்கே போனவர்கள். அந்த மலைகளில் வழி வெட்டிய, பாலம் கட்டிய கைகளில் நம்முடையவர்களின் கைகளும் உண்டு. (அந்நியப் படையில் நம் முன்னோர் இருந்ததைப் பெருமையாகப் பேசுவதா, கூடாதா என்ற சண்டை நமக்குள் முடியாதது. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

பிறப்பால் வீரன், பிறப்பால் கோழை என்று பிரிப்பது நமக்குப் புதிதா என்ன? நம் ஊர்ச் சுவர்களில் 'ஆண்ட பரம்பரை' என்று ஒட்டுகிறார்களே, அந்த சுவரொட்டியின் ஆங்கிலப் பிரதிதான் ராபர்ட்ஸின் கொள்கை. மலைவீரன் கதையை நாம் ஆசையாகப் பகிரும்போது, நம்மை அளந்த அதே அளவுகோலைக் கையில் எடுக்கிறோம்.

அந்தக் கதையை நம்புவதால் வேறொரு தீங்கும் நடக்கிறது. 'ஆப்கானியர் வென்றார்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். யார் வென்றது? 2021 தாலிபான் வெற்றிக்குப் பின், தாய்குந்தி போன்ற மாகாணங்களில் ஹசாராக் குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு விரட்டப்பட்டன. 2022 செப்டம்பர் 30 அன்று காபூலின் தஷ்த்-இ-பர்ச்சி பகுதியில் காஜ் கல்வி மையத்தில் குண்டு வெடித்தது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் ஹசாரா இளம்பெண்கள். அந்த வகுப்பறையையும் நம் மாலை வகுப்பையும் நம்மால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஹசாராக்களுக்கும் கீழே, ஜோகி என்று இழிவாகப் பார்க்கப்படும் நாடோடிக் குழுக்கள் உண்டு. அவர்களில் பலருக்கு 'தஸ்கிரா' என்ற அடையாள அட்டைகூடக் கிடையாது. அமெரிக்கா இருந்த இருபது ஆண்டுகளிலும் அவர்களுக்கு அது எளிதில் கிடைக்கவில்லை.

அந்நியப் படையின் பக்கமும் இதே கதைதான். 1842 ஜனவரி 6 அன்று காபூலிலிருந்து பனியில் பின்வாங்கிய ஆங்கிலேயப் படையில் போர்வீரர்கள் சுமார் 4,500 பேர். அதில் வெள்ளையர் ஏறக்குறைய 700. மீதி இந்தியச் சிப்பாய்கள். இவர்களைத் தவிர 12,000 பேர் நடந்தார்கள்: டூலி தூக்குவோர், தண்ணீர் சுமப்போர், புல் வெட்டுவோர், குதிரை பார்ப்போர், மலம் அள்ளுவோர், தோல் வேலை செய்வோர், சமைப்போர், அவர்களுடைய மனைவி மக்கள். இந்த வேலைகளையெல்லாம் எந்தச் சாதிகள் செய்தன என்று சொல்ல வேண்டுமா? குர்த் காபூல், தெசீன், ஜக்தலக் என்று ஒவ்வொரு கணவாயிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அந்த மாதம் 13ஆம் தேதி ஜலாலாபாத்துக்கு மருத்துவர் பிரைடன் தனியாகக் குதிரையில் வந்து சேர்ந்ததைத்தான் வரலாறு பிடித்துக்கொண்டது. 1879இல் அதை ஓவியமாகவும் தீட்டினார்கள். பாடப்புத்தகங்களில் 'ஒரே ஒருவர் பிழைத்தார்' என்று வந்தது. அது பொய். அந்த ஆண்டு செப்டம்பரில் பழிவாங்கக் காபூலுக்குத் திரும்பிய ஆங்கிலேயப் படை, விரல்கள் பனியில் கருகி உதிர்ந்த சிப்பாய்களும் வேலையாட்களும் தெருக்களில் பிச்சையெடுப்பதைப் பார்த்தது. பலர் அடிமைகளாக விற்கப்பட்டிருந்தார்கள்.

அதே படை கஜினியிலிருந்து ஒரு ஜோடி மரக்கதவுகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தது. கஜினி முகமது கொள்ளையடித்துப் போன சோமநாதர் கோயில் கதவுகள் இவை, எண்ணூறு ஆண்டு அவமானத்துக்குப் பழி தீர்த்துவிட்டோம் என்று இந்திய மன்னர்களுக்கும் மக்களுக்கும் பிரகடனம் வெளியிட்டார் கவர்னர் ஜெனரல் எலன்பரோ. பிறகு பார்த்தால் அது சந்தனமும் இல்லை, குஜராத் வேலைப்பாடும் இல்லை. அந்தப் பக்கத்துத் தேவதாரு மரம். அந்தக் கதவுகளை இன்றைக்கும் ஆக்ரா கோட்டையில் போய்ப் பார்க்கலாம். அந்தப் பன்னிரண்டாயிரம் பேரின் பெயர்ப் பட்டியல் எங்கேயும் இல்லை.